ஹிதேஜி பூட்டாத பெயர்

மத்சுயாமா
நவம்பர் 29, 2009

அன்புத் தங்கை ஃபுசாயேவுக்கு,

இங்கே ஆரஞ்சு பழுத்துவிட்டது. உங்கள் நீகாட்டாவில் முதல் பனி விழுந்திருக்கும். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாப்பிள்ளை கன்ஜியின் இருமல் நின்றதா? நானும் உன் அண்ணி சீயேவும் சௌக்கியம். ஒரு பெட்டி ஆரஞ்சு அனுப்பியிருக்கிறேன். அதைத் தின்றுகொண்டே, வயிறு எரியாமல் மேலே படி.

உங்கள் கரடி பேஸ்பால் அணியின் ஹயாசே எங்கள் வெண்கொக்கு அணிக்கு வருகிறான்! பேப்பரில் பார்த்து அழுதிருப்பாய். நாலு வருஷமாக பந்து வீச ஒரு நல்ல இடதுகை பிட்சர் இல்லாமல் நாங்கள் பட்ட அவதி கொஞ்சமா? என் சலூனில் நேற்று வந்தவர்கள் முடி வெட்டிக்கொள்ள வந்ததையே மறந்துவிட்டுக் கைதட்டினார்கள்.

சும்மா கிடைக்கவில்லை என்பது எனக்கும் தெரியும். அவனுக்கு ஈடாக எங்கள் அணியிலிருந்து ஒருவனை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். இருபத்தெட்டுப் பேரை எங்கள் கிளப் பூட்டி வைக்கும். அந்தப் பட்டியல் யார் கண்ணுக்கும் காட்டாத ரகசியம். பூட்டுக்கு வெளியே நிற்பவர்களில் யார்மேல் வேண்டுமானாலும் கரடி கை வைக்கலாம். யாரை வைப்பது, யாரை விடுவது என்று ஊரே மண்டையை உடைத்துக்கொள்கிறது. எப்போதும்போல என் பட்டியலைச் சலூன் சுவரில் ஒட்டப்போகிறேன். கிளப்பின் பட்டியலைவிட என்னுடையதுதான் சரியாக இருக்கும் என்று மீன்கடை ஒச்சி சொல்கிறான்.

என் பிள்ளை, உன் மருமகன் இசாமு நலம். போன சீசனில் வெண்கொக்குக்காக எட்டாவது இன்னிங்ஸில் அவன் பந்து வீச வந்தாலே எனக்கு ரத்த அழுத்தம் ஏறியது. அவ்வளவுதான் விசேஷம். உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்
ஹிதேஜி


நீகாட்டா
டிசம்பர் 7

அண்ணாவுக்கு,

ஆரஞ்சு வந்தது. இனிப்பாகத்தான் இருந்தது, திருடன் வீட்டு ஆரஞ்சாக இருந்தாலும். முழங்கால் பனி வந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது. அவர் இருமிக்கொண்டேதான் ரேடியோ கேட்கிறார். உனக்கும் அண்ணிக்கும் குளிர் ஒன்றும் செய்யவில்லையே?

ஹயாசே போனதில் எனக்கு வருத்தமில்லை என்று எழுத நினைத்தேன். பொய் எழுத வரவில்லை. பதினெட்டு வயதுப் பையனாக எங்கள் பனிக்கு வந்தவன். போகும்போது பேப்பர்காரர்களுக்கு முன்னால் தலை குனிந்து அழுதான். இவர் டிவியை அணைத்துவிட்டு, "போறவன் எதுக்குடா அழுவுற, போ"ன்னு திட்டிவிட்டு, அப்புறம் திரும்பப் போட்டுப் பார்த்தார்.

சுவர்ப் பட்டியல் பற்றி எழுதினாய். சரி அண்ணா, ஒரே கேள்வி. அதில் இசாமு இருக்கிறானா?

இந்த வருஷத்துப் புது அரிசி பத்து கிலோ அனுப்பியிருக்கிறேன். அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

ஃபுசாயே


மத்சுயாமா
டிசம்பர் 15

தங்கைக்கு,

அரிசி வந்தது. அண்ணி உடனே பொங்கிவிட்டாள். பசை மாதிரி ஒட்டுகிறது, ரொம்ப நன்றாக இருக்கிறது. உன் முழங்காலுக்கு உப்பு ஒத்தடம் கொடு. மாப்பிள்ளையை டாக்டரிடம் அழைத்துப் போ, ரேடியோ வைத்தியம் பார்க்காது.

பட்டியலுக்கு வருகிறேன். பிட்சர்களில் யார் என்பதில் சிக்கலே இல்லை, இளசுகளை யாரும் தரமாட்டார்கள். அவுட்ஃபீல்டில்தான் எங்களிடம் தேவைக்கு மேல் இருக்கிறார்கள், இரண்டு பேரைத் தாராளமாக வெளியே விடலாம். இப்படி எல்லாம் கழித்துக் கடைசி ஓர் இடம் மிஞ்சியது. அதற்கு இரண்டு பேர். பின்னால் நின்று பந்து பிடிக்கும் இரண்டாவது கேட்சர் நிஷிதானி. இன்னொருவன் இசாமு.

நான் நிஷிதானி பெயரை எழுதினேன்.

நீ கோபப்படுவாய். யோசித்துப் பார். நல்ல கேட்சர் கிடைப்பது எவ்வளவு கஷ்டம்? வலதுகை பிட்சர் தெருவுக்கு நாலு பேர் கிடைப்பான். மூன்று பேஸிலும் ஆள் நிற்கும்போது பந்தை வெளியே போட்டு, அவர்கள் அடிக்காமலே ரன்னைத் தானம் செய்கிறவனை, என் வீட்டுப் பிள்ளை என்பதற்காக எப்படிப் பூட்டுவது? ஒச்சி கேட்டான், "மாஸ்டர், உங்க பையன் பேரைக் காணோமே?" நான் சொன்னேன், "இது சலூன் சுவருடா, எங்க வீட்டு ஃபோட்டோ ஆல்பம் இல்ல." கடை முழுக்கச் சிரிப்பு. நியாயமான மனுஷன் என்று பெயர் வாங்கினேன். ஒரு மெலிந்த இளைஞன், இதுவரை பார்த்திராத முகம், சவரத்துக்கு உட்கார்ந்திருந்தவன், சுவரைச் செல்ஃபோனில் படம்கூட எடுத்துக்கொண்டான்.

சனிக்கிழமை இசாமு முடி வெட்டிக்கொள்ள வந்தான். ஒன்றும் சொல்லவில்லை. நன்றாகத்தான் இருந்தான். கழுத்தில் குளிர் பட்டுச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள் என்று சொல்லி அனுப்பினேன்.

ஹிதேஜி


நீகாட்டா
டிசம்பர் 20

அண்ணா,

எல்லோரும் நலம். விசாரிப்பெல்லாம் அடுத்த கடிதத்தில்.

இத்துடன் இருக்கிற துண்டு எங்கள் ஊர் விளையாட்டுப் பேப்பரில் வந்தது. உன் சுவர், உன் கையெழுத்து, பக்கத்தில் கத்தரியோடு உன் பாதி முதுகு. மேலே கொட்டை எழுத்தில் என்ன போட்டிருக்கிறான் பார்: "அப்பாவே பூட்டாத மகன்." எங்கள் தெருவில் காய்கறிக்காரி என்னிடமே காட்டிச் சிரித்தாள், அவன் என் மருமகன் என்று அவளுக்குத் தெரியாது.

நியாயமான மனுஷன் என்ற பெயர் உனக்கு நீகாட்டா வரைக்கும் வந்துவிட்டது. திருப்தியா?

ஃபுசாயே


மத்சுயாமா
டிசம்பர் 30

அன்புத் தங்கைக்கு,

உனக்கும் மாப்பிள்ளைக்கும் வரும் புத்தாண்டில் உடம்பு நன்றாக இருக்கட்டும். இங்கே சௌக்கியம் என்று எழுதிவிடுகிறேன், எழுதவேண்டும் என்பதற்காக.

அந்த மெலிந்தவன் நிருபராம். எனக்கு எப்படித் தெரியும்? கன்னத்தில் சோப்பு பூசியிருந்தால் எல்லோரும் ஒரே மாதிரிதான் இருக்கிறார்கள். பேப்பர் வந்த அன்றே பட்டியலைக் கிழித்துவிட்டேன். அண்ணி சோறு வைக்கிறாள், பேச்சு வைப்பதில்லை. முந்தாநாள் மட்டும் வாயைத் திறந்து, "நிஷிதானிய கூப்பிட்டு புத்தாண்டுச் சாப்பாடு போடுங்க"ன்னாள். இசாமு இந்த வருஷம் வீட்டுக்கு வரவில்லை. பயிற்சி என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். வருஷக் கடைசியில் எந்த மடையன் பயிற்சி வைக்கிறான்?

சரி, ஒரு ரசிகனாகக் கேட்கிறேன். அங்கே என்ன பேச்சு அடிபடுகிறது? கரடி யாரை எடுக்கப்போகிறதாம்? நான் நன்றாக யோசித்துப் பார்த்தேன். உங்களுக்குப் பிட்சரே தேவையில்லை. உங்கள் அவுட்ஃபீல்ட் கிழடு தட்டிப்போயிருக்கிறது, போன வருஷம் கையில் விழவேண்டிய பந்து எத்தனை தரையில் விழுந்தது! எங்களிடம் நல்ல ஓட்டக்காரப் பையன்கள் இருவர் இருக்கிறார்கள். எவனை எடுத்தாலும் லாபம் உங்களுக்குத்தான். இதையெல்லாம் விவரமாக ஒரு போஸ்ட்கார்டில் எழுதி, 'மத்சுயாமாவிலிருந்து ஒரு விளையாட்டு அபிமானி' என்று கையெழுத்துப் போட்டு, உங்கள் கரடி அணி அலுவலகத்துக்கே அனுப்பிவிட்டேன். சிரிக்காதே. இசாமுவைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. எழுதினால் அவர்களுக்கு அவன் ஞாபகம் வந்துவிடுமே.

நான் பாட்டுக்குச் சுவரில் எழுதினேன். அதைப் பார்த்துவிட்டு கிளப்காரனும், அட அப்பனே விட்டுவிட்டானே என்று விட்டிருந்தால்? தினமும் மூன்று பேப்பர் வாங்கித் தேடுகிறேன், ஃபுசாயே. ஏதாவது கேள்விப்பட்டால் உடனே எழுது. ஃபோன் வேண்டாம், கடையில் எல்லார் காதிலும் விழும்.

ஹிதேஜி


நீகாட்டா
ஜனவரி 8

அண்ணாவுக்கு,

புத்தாண்டு வணக்கம். இங்கே கூரை மட்டத்துக்குப் பனி. இவருக்கு இருமல் குறைந்தது, என் முழங்கால் இவரைவிட அதிகமாகச் சத்தம் போடுகிறது. அண்ணி பேசினாளா?

ரசிகனாகக் கேட்டாய், ரசிகையாகச் சொல்கிறேன். அவுட்ஃபீல்ட் பற்றி நீ எழுதியதெல்லாம் சரிதான், ஆனால் எங்களுக்கு வேண்டியது எட்டாவது இன்னிங்ஸுக்கு ஒரு வலதுகை பிட்சர். தெருவுக்கு நாலு பேர் என்று நீ சொன்னாய். எங்கள் தெருவில் ஒருவனும் இல்லை. ரேடியோவில் ஒருவர் இரண்டு பெயர் சொன்னார். அதில் ஒன்று உனக்குத் தெரிந்த பெயர். நான் அணிக்காரியாக இருந்தால் அவனைத்தான் எடுப்பேன். அத்தையாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அவன் என்னோடு பேசினானா என்று நீ கேட்கவில்லை. அதனால் நானும் சொல்லப்போவதில்லை.

நீ எதற்கு இவ்வளவு பயப்படுகிறாய் அண்ணா? அவன் ஊரைவிட்டுப் போய்விடுவானோ என்றா, போகும்போது உன்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போய்விடுவானோ என்றா?

ஃபுசாயே


மத்சுயாமா
ஜனவரி 19

தங்கைக்கு,

எல்லோரும் நலமாக இருக்கவேண்டும்.

உனக்கு என்னைவிட முன்பே தெரிந்திருக்கும். போன வெள்ளிக்கிழமை, ஒச்சிக்குப் பாதித் தாடி மழித்திருந்தேன். கரடி எடுத்தது இசாமுவை என்று டிவியில் பெயர் சொன்னான். ஒச்சி மீதித் தாடியோடு எழுந்து, "மாஸ்டர், நான் அப்புறம் வர்றேன்"ன்னு துண்டோடு போய்விட்டான். கடையில் இருந்த மற்றவர்களும் போய்விட்டார்கள். சிரிக்க வந்தவர்கள்தான் எல்லோரும், அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

இசாமு அம்மாவுக்கு ஃபோன் செய்து சொன்னான். பக்கத்தில் நான் நின்றேன். அவள் ரிசீவரை நீட்டினாள். வாங்கிக் காதில் வைத்தேன், அதற்குள் வைத்துவிட்டான். வைத்துவிட்டானா, லைன் போய்விட்டதா என்று தெரியவில்லை. லைன் போய்விட்டது என்றுதான் அவளிடம் சொன்னேன்.

நேற்றுக் காலை வண்டி ஏறினான். அண்ணி ஸ்டேஷனுக்குப் போனாள். நான் கடையைத் திறந்து வைத்திருந்தேன், யாரும் வரவில்லை. திரும்பி வந்தவளிடம், பிளாட்பாரத்தில் என்னைத் தேடினானா என்று கேட்க வாய் வரவில்லை.

உன் வீட்டுக்கு வருவான். அவனிடம் கனமான கோட்டு இல்லை, இங்கே எதற்குத் தேவை? மாப்பிள்ளையின் பழையது ஏதாவது இருந்தால் கொடு. காலையில் முட்டை இல்லாமல் சாப்பிடமாட்டான். நான் சொன்னதாகச் சொல்லாதே.

ஹிதேஜி


நீகாட்டா
பிப்ரவரி 21

அண்ணாவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. எழுதி எழுதிக் கிழித்தேன். எங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? அவள் பேசுகிறாள் என்று அவளே எழுதியிருந்தாள், சந்தோஷம்.

பயிற்சி முகாமுக்குத் தெற்கே போகுமுன் இசாமு சில நாள் இங்கே இருந்தான். கோட்டு கொடுத்தேன். முட்டையும் கொடுத்தேன். கூரையில் ஏறிப் பனி தள்ளினான். இவர் கீழே நின்று, "பந்து வீசுற கைடா, பாத்து"ன்னு கத்திக்கொண்டே இருந்தார்.

பட்டியல் பற்றி நானாகக் கேட்கவில்லை. அவனே சொன்னான். "அத்தை, அப்பா எழுதினது தப்பில்ல. நானா இருந்தாலும் நிஷிதானியத்தான் எழுதியிருப்பேன். ஆனா அன்னிக்கு நான் முடி வெட்டிக்கவா போனேன்? சுவரப் பத்தி ஊரே பேசுது, நேர்ல ஒரு வார்த்த சொல்லுவாருன்னு போனேன். பின்னாடியே நின்னாரு. கண்ணாடியில அந்தச் சுவரு தெரியுது. நானும் பாக்குறேன், அவரும் பாக்குறாரு. கத்தரிச் சத்தம் மட்டுந்தான். கடைசியில கழுத்துல குளிர் படும், சளி பிடிக்கும்னாரு."

அண்ணா, கடைக்கு வருகிறவன் போகிறவன் எல்லோரிடமும் அவனைப் பற்றிப் பேசினாய். எனக்குப் பக்கம் பக்கமாக எழுதினாய். அவனிடம் மட்டும் சளியைப் பற்றிப் பேசியிருக்கிறாய்.

இன்னொன்றும் உண்டு. இதைச் சொல்வதா வேண்டாமா என்றுதான் இவ்வளவு நாள். கரடி அலுவலகத்தில் கையெழுத்துப் போடப் போன அன்று, அங்கே பலகையில் ஒரு போஸ்ட்கார்டு குத்தி வைத்திருந்தார்களாம். எங்களுக்குப் பிட்சரே வேண்டாம் என்று மத்சுயாமாவிலிருந்து எவனோ உருகி உருகி எழுதியிருக்கிறான் என்று காட்டிச் சிரித்திருக்கிறார்கள். இவனும் சிரித்திருக்கிறான். அது உன் கையெழுத்து என்று கண்டதும் சிரிப்பு நின்றுவிட்டதாம். சாயங்காலம் வந்து என்னிடம் சொன்னான், "அத்தை, அவருக்கு நான் போகக்கூடாதுன்னு இருந்திருக்கு." சொல்லிவிட்டு முகம் கழுவப் போனான். ரொம்ப நேரம் கழுவினான்.

இனி எனக்கு எழுதாதே. முகாம் முகவரி கீழே இருக்கிறது. அவனுக்கு எழுது.

ஃபுசாயே


மத்சுயாமா
மார்ச் 7

இசாமுவுக்கு,

அப்பா எழுதுவது. உடம்பு எப்படி இருக்கிறது? தோளுக்கு ஒத்தடம் கொடுக்கிறார்களா? அம்மா சௌக்கியம். நானும் அப்படித்தான்.

உனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. ஒரே ஊரில் இருந்தோம். அதற்காகப் பேசினோம் என்றும் இல்லை.

கேட்சர் முக்கியம் என்று உன் அத்தைக்கு எழுதினேன், அது உண்மைதான். ஊர் என்ன சொல்லும் என்று பார்த்ததும் உண்மை. ஆனால் பேனாவை எடுத்தபோது மனசில் இருந்தது வேறு. உன் பெயரை நான் எழுதி, கிளப் எழுதாமல் விட்டால், என் ஆசை சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும். எல்லோரும் பாவம் மாஸ்டர் என்பார்கள். நீயும் பார்ப்பாய். அதைவிட நானே முதலில் விட்டுவிட்டால், அவர்கள் விட்டாலும் எனக்கு வலிக்காது என்று நினைத்தேன். எனக்கு வலிப்பதைப் பற்றி மட்டும் நினைத்திருக்கிறேன் பார். உனக்கு வலிக்கும் என்று தோன்றவே இல்லை. மன்னிப்புக் கேட்கிறேன்.

அந்தப் போஸ்ட்கார்டு நான்தான் எழுதினேன். அதில் எழுதிய கருத்து ரசிகனாகப் பார்த்தாலும் சரியானதுதான், அவர்கள் அவுட்ஃபீல்ட் மோசம்.

நேரில் சொல்லாததை இப்போது சொல்கிறேன். இடதுகைக்காரன் மட்டையோடு நின்றால் நீ உள்பக்கம், அவன் உடம்பை ஒட்டி, பந்து போடுவதே இல்லை. அடித்துவிடுவானோ என்று பயந்து வெளியே வெளியே போடுகிறாய். அதனால்தான் பேஸ் நிரம்புகிறது. பயப்படாமல் உள்ளே போடு. அடித்தால் அடிக்கட்டும். இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது, பயந்தவன் யார் என்று.

பதில் போடுவதும் போடாததும் உன் இஷ்டம். தபால்காரன் வருகிற நேரத்தில் மட்டும் நான் வாசலில் நிற்கிறேன் என்று அம்மா கேலி செய்கிறாள்.

அப்பா


நீகாட்டா
ஏப்ரல் 4

அப்பாவுக்கு,

கடிதம் முகாமுக்குப் போய், நான் கிளம்பிய பிறகு சேர்ந்து, இங்கே சுற்றி வந்திருக்கிறது. அதனால்தான் தாமதம். வேறு காரணம் இல்லை. இத்தனை நாள் வாசலில் நின்றிருப்பீர்கள் என்பது இப்போதுதான் உறைக்கிறது. தோள் நன்றாக இருக்கிறது. அம்மா நலமா? உங்கள் ரத்த அழுத்தம்?

அத்தை வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து படித்தேன். மாமா இருமுவதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் மன்னிப்புக் கேட்ட வரியை இரண்டு முறை படித்தேன். கோபம் இருந்தது. இப்போது எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்க்கவில்லை.

உள்பக்கப் பந்து பற்றி நீங்கள் சொன்னது சரி. இங்கே கோச்சும் அதையேதான் சொல்கிறார். ஆறு வருஷம் என் ஆட்டத்தை வந்து பார்த்தீர்கள். ஒரு நாளாவது வீட்டில் இதைச் சொல்லியிருந்தால் என்ன அப்பா? உங்கள் நினைப்பையெல்லாம் நான் ஒச்சி மாமா வாயால்தான் கேட்டேன், மீன் வாங்கப் போகும்போது.

பத்தொன்பதாம் தேதிக்கு மேல் வெண்கொக்கு அணி இங்கே வருகிறது, மூன்று ஆட்டம். முதல் ஆட்டத்தில் எட்டாவது இன்னிங்ஸ் எனக்கு என்று சொல்லியிருக்கிறார்கள். எதிரே வரப்போகிறவர்கள் எல்லோரும் எனக்குத் தெரிந்த முகங்கள். உங்களுக்கும் அம்மாவுக்கும் டிக்கெட் வைத்திருக்கிறேன். வெண்கொக்கு ரசிகர்கள் உட்காருகிற பக்கம்தான் வாங்கினேன். எனக்காக நீங்கள் அணி மாறவேண்டாம். மாறினால் உங்களுக்கே உங்களைப் பிடிக்காது.

நான் பந்தை வெளியே போட்டால், அங்கிருந்தே என்னைத் திட்டுங்கள். பக்கத்தில் இருப்பவனிடம் சொல்லாதீர்கள், அத்தைக்கு எழுதாதீர்கள். எழுந்து நின்று, எனக்குக் கேட்கிற மாதிரி திட்டுங்கள்.

இசாமு